கண்ணை மூடினால்

“ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாமா?”

“வேணாங்க. கண்ணை மூடினாலே போன தடவை நடந்ததுதான் வருது.”

காலையில் வீட்டில் கணவனுடன் பேசியது காரில் போகும்போதும் அவள் மனதை அறுத்தது. ஒரு மாதமாகவே கர்த்தரோடு அவளுக்குப் பேச்சில்லை. கட்டிலோரம் அவன் மட்டும் தனியாக முழங்காலிடுவான்.

“கை ஏம்மா இப்படி ஜில்லுனு இருக்கு?”

“இந்த ஆபரேஷன் வேணாங்க. திரும்பிப் போயிடலாமே!”

“ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துட்டு நல்லா கேட்டே போ! சரி, போயிடலாம். அப்புறம் குழந்தை?”

அவளுக்குக் கண் கலங்கியது. “போன தடவை குழந்தையைக் காப்பாத்த முடியலையேங்க.”

“நீ என்னம்மா பண்ணுவ? உயிர் அவர் கையில இருக்கு.”

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஓர் இளம் தாய் ஓடிவந்து, சில்லிட்டிருந்த அந்தக் கைகளை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“டாக்டரம்மா, உங்களைத்தான் நம்பியிருக்கேன். என் பிள்ளையை உயிரோட குடுத்துடுங்க!”

“டாக்டர், குழந்தையை டேபிள்ல படுக்க வச்சாச்சு” என்றாள் நர்ஸ்.

உள்ளே ஓரடி வைத்தவள் நின்றாள். கணவனிடம் திரும்பி வந்தாள்.

“என்னங்க... என் கையைப் பிடிச்சு ஒரு ஜெபம் பண்ணுங்களேன். நானும் கண்ணை மூடிக்கறேன்.”