நிரந்தர விலாசம்

விமலநாதனுக்கு ஷிராஸில சந்தேகம் வந்தது ஒரு தேத்தண்ணியால.

ரெண்டு பேரும் பேராதனைக் கம்பஸில வணிக முகாமைத்துவம், கடைசி வருசம். பல்லேகலயில ஒரு பெரிய கம்பனி அவங்கட பட்ச்சில மூண்டே மூண்டு பேரை ஆறு மாசப் பயிற்சிக்கு எடுக்கப் போகுது. பட்ச் ரெப் ஷிராஸ்தான் எல்லார்ர விண்ணப்பத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு காலமையே குடுக்கப் போனவன். மத்தியானம் திரும்பி வந்து நிக்கிறான், கையில ஒரு வெத்துப் படிவத்தோட.

"மச்சான், ஒண்ட ஃபோம்ல தேத்தண்ணி கொட்டிட்டு. இதுல ஒரு சைன் மட்டும் வை. மத்தத நான் நிரப்புறன்."

இருவத்தேழு விண்ணப்பம் கொண்டு போனவன். இருவத்தாறும் காய்ஞ்சபடி இருக்க விமலநாதன்ர மட்டும் நனைஞ்சிட்டுதாம். நனைஞ்சதைக் காட்டு எண்டா, எறிஞ்சிட்டன் எண்டான். நானே எழுதுறன் எண்டா, நேரமில்ல, நாலு மணிக்குக் கந்தோர் பூட்டிருவாங்க எண்டான். வேற வழியில்லை. கையெழுத்து வைச்சாச்சு. வைச்ச கை அண்டைக்கு முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

விமலநாதனுக்கு இது வெறும் பயிற்சி இல்லை. கண்டியில குண்டு வெடிச்சு ரெண்டு மாசம். இவன் வடக்கில, சண்டை நடக்கிற பக்கத்து விசுவமடுப் பெடியன். டவுனுக்குப் போனா மூண்டு இடத்தில ஆமிக்காரர் மறிப்பாங்கள். அடையாள அட்டையைத் திருப்பி ஊரைப் பார்த்த உடன பஸ்ஸால இறக்கி ஓரமா நிக்க விடுவாங்கள். படிப்பு முடிஞ்சா ஹொஸ்டலும் இல்லை, ஊருக்குப் போகப் பாதையும் இல்லை. கம்பனிக் காட் ஒண்டு கழுத்தில தொங்கினா ரெண்டு கேள்வியோட விட்டிடுவாங்கள்.

பக்கத்துக் கட்டில் ஹட்டன் இராமநாதன் கதையைக் கேட்டான். கேட்டுட்டு, சோப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னான்.

"வெத்துத் தாள்ல சைன் வச்சுட்டு, பிஸினஸ் டிகிரி படிக்கிறேன்னு வெளிய சொல்லிடாத. அவங்க அப்பா மடவளையில கடை வச்சிருக்காரு. யாவாரக் குடும்பம்டா. ஒன்ன வித்துட்டு பில்லும் எழுதிக் குடுத்துருவான்."

ரெண்டு கிழமையில நாலஞ்சு பேருக்கு இன்டர்வியூக் கடிதம் வந்துது. விமலநாதனுக்கு ஒண்டுமில்லை. உனக்கு வந்ததோ எண்டு ஷிராஸிட்டக் கேட்டான். அவன் சிரிச்சுப்போட்டுப் பஸ் பிடிக்கப் போயிட்டான். அதுக்குப் பிறகு ரெண்டு நாள் ஆளைக் கம்பஸ் பக்கமே காணேல்லை. இன்டர்வியூக்கு உடுப்புத் தைக்கப் போயிருப்பான் எண்டான் இராமநாதன்.

மூண்டாம் நாள் விமலநாதன் துறைத் தலைவருக்கு ஒரு முறைப்பாடு எழுதினான். மடிச்சுச் சேட் பொக்கற்றில வைச்சுக்கொண்டு கந்தோர்ப் படி ஏறேக்க, பின்னால ஷிராஸ் மூச்சு வாங்க ஓடி வாறான். கையில நீளமா ஒரு கடித உறை.

"ரெண்டு நாளா எங்கட பக்கம் ரவுண்டப், ஆமி ஊடு ஊடாத் தேடுது. பஸ் ஓடல்ல. இந்தா. வியாழக்கிழம ஒம்பது மணிக்கு. டை கட்டிட்டுப் போ."

உறையில விமலநாதன்ர பேர். பேருக்குக் கீழ ஷிராஸ் வீட்டு மடவளை விலாசம். உறை உடைச்சும் இருக்கு.

"என்ர கடிதம் உன்ர வீட்டுக்கு ஏன் வந்தது?"

ஷிராஸ் சுத்துமுத்தும் பார்த்தான். தேத்தண்ணி ஒண்டும் கொட்டல்ல எண்டான். அண்டைக்குக் கம்பனியில, முதலே வந்து கிடந்த விண்ணப்பங்களைக் கிளாக் ஒருத்தர் பிரிச்சுக்கொண்டு இருந்தவராம். நிரந்தர விலாசம் எண்ட கட்டத்தை மட்டும்தான் பார்க்கிறார். வடக்கில ஊர் எண்டா சோதினைப் புள்ளி பார்க்கிறதில்லை, பேர் பார்க்கிறதில்லை, நேரே கூடைக்குள்ள. ஷிராஸ் தான் கொண்டுபோன கட்டுக்குள்ள இருந்து விமலநாதன்ர தாளை உருவிக்கொண்டு வந்திட்டான். புதுத் தாளில தன்ர வீட்டு விலாசத்தைப் போட்டுக் குடுத்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"செல்லியிருந்தா ஒண்ட ஊர மாத்தி எழுத நீ உட்டிருப்பியா? உள்ளுக்குப் போறதுதான் கஷ்டம். மத்தத ஒண்ட வாய் பாத்துக்கும். கடிதத்த ஒடச்சது வாப்பா. யாரு இந்த விமலநாதன், எப்ப நம்மட ஊட்டுக்குக் குடி வந்தாருண்டு உம்மாவப் பிடிச்சு விசாரண."

விமலநாதனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கிச்சுது. அப்ப வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒண்டாப் போவம் எண்டான்.

"நான் எங்க போறது? ஒரே விலாசத்துல ஒரு தமிழ்ப் பேரும் ஒரு முஸ்லிம் பேரும் இருந்தா அந்தாளுக்குச் சந்தேகம் வராதா? எண்ட ஃபோமையும் அண்டைக்கே வெளிய எடுத்துட்டன். எனக்கென்ன, வாப்பாட கடயில எப்பவும் வேக்கன்சி ஈக்கி."

விமலநாதன்ர கை தன்பாட்டில சேட் பொக்கற்றைப் பொத்திச்சுது. உள்ளுக்கு இருந்த முறைப்பாட்டில கடைசி வரி இதுதான்: 'ஷிராஸின் பெயரை விண்ணப்பதாரர் பட்டியலிலிருந்து நீக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'