கூடக் கொஞ்ச நேரம்

ஜெட் திரும்ப மறுத்தது.

ரிமோட்டின் குச்சியை அவள் இன்னும் அழுத்தித் தள்ளினாள். மேலே அந்தச் சிவப்புப் பொம்மை விமானம் யோசித்து, வேண்டாவெறுப்பாகத் திரும்பியது. மூக்கு சரிந்தது. இழுத்தாள். நிமிர்ந்தது. மறுபடியும் சரிந்தது.

பக்கவாதம் வந்து போன பிறகு இதுதான் முதல் தடவை.

வலது கட்டைவிரல் குச்சியின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் இதே ஜெட் நினைத்த மாத்திரத்தில் புரளும். தலைகீழாகப் பறக்கும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வானத்தை விட்டுவிட்டு அவள் விரல்களைப் பார்ப்பார்கள்.

இன்னும் திறக்காத புறவழிச்சாலை. இரண்டு பக்கமும் உடைமரங்கள். அவளுடைய கணவர் சுயம்பு காரில் சாய்ந்து நின்றார். அவள் கையைப் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கரிசனம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

இன்று சரிவரவில்லை என்றால் ஜெட்டை யாருக்காவது கொடுத்துவிடுவது என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். அவரிடம் சொல்லவில்லை.

விரல் இழுத்துப் பிடித்தது. வலி பொறுக்காமல் ஒரு கணம் குச்சியை விட்டுவிட்டாள்.

ஜெட் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாய்ந்தது.

எப்படியோ நிமிர்த்தித் தார்ச்சாலையில் இறக்கினாள். முன்சக்கரம் மோதித் துள்ளியது. உடையவில்லை.

சுயம்பு ஓடிப்போய் எடுத்துவந்தார். பழகப் பழகக் கை சரியாகிவிடும் என்றார்.

அவள் காதில் அது விழவில்லை.

ஜெட் பாய்ந்தபோது என் கை குச்சியில் இல்லையே.

ஜெட்டை வாங்கினாள். இறக்கைகளுக்கு அடியில், எப்போதும் பார்க்கும் இடத்தில், இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொடுத்துத் தூக்கினாள். எடை சரியாக இருந்தால் நேராக நிற்கும்.

மூக்கு பொத்தென்று தொங்கியது.

மறுபடி தூக்கினாள். மறுபடி தொங்கியது.

சிரித்துவிட்டாள்.

முன்பக்க மூடியைத் திறந்தாள். உள்ளே செங்கல் மாதிரி ஒரு பேட்டரி. புதிது.

“பேட்டரிய மாத்துனீயளா?”

சுயம்பு பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டார்.

“பெருசாப் போட்டேன். நீ எந்திரிச்சு வந்தா கூடக் கொஞ்ச நேரம் பறக்கவிடலாமேன்னுதான்.”

எப்போது வாங்கியது என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்றார்.

ஒரு ஸ்பூனைத் தூக்க முடியாமல் அவள் படுத்துக்கிடந்த நாட்கள் அவை.

கத்தி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். காரில் இருந்தது. அவள் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளேயிருந்த தெர்மோகோல் தடுப்பை அறுத்தெடுத்தார். பேட்டரியைப் பின்னால் தள்ளிவைத்து இறுக்கிக் கட்டினார்கள்.

மறுபடி விரல்களில் தூக்கினாள்.

நின்றது.

இந்தத் தடவை ஓடிய வேகத்தில் தானாகவே எழும்பியது. வளைவில் சொன்ன இடத்தில் திரும்பியது. விரல் இப்போதும் நடுங்கத்தான் செய்தது. ஜெட் அதற்குத் தக்கபடி லேசாகச் சிலிர்த்தது. ஆனாலும் போகச் சொன்ன பக்கம் போயிற்று.

உடைமரங்களுக்கு மேலே ஒருமுறை மெதுவாகப் புரட்டிப் பார்த்தாள். புரண்டது.

வழக்கமாக இறக்குகிற நேரம் தாண்டியது. சுயம்பு கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“எறக்கிருவமா?”

அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இருக்கட்டும். பெரிய பேட்டரிதான?”