மூடி போட்ட மதர்போர்டு

அனிமேஷன் படம் செய்யும் இளவேனிலுக்காகக் கடை மேசையில் ஒரு கம்ப்யூட்டர் உருவாகிக்கொண்டிருந்தது. முதலில் வந்து இடம் பிடித்தது மதர்போர்டு. பிராசஸர் உட்காரும் இடத்தைக் கறுப்பு மூடியால் மறைத்துக்கொண்டு, வரப்போவது யாரோ என்று காத்திருந்தது.

வந்தது ஏற்கெனவே வேறொரு மெஷினில் இருந்த பிராசஸர். மதர்போர்டுக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை.

"இருந்த இடத்துல இருந்து உன்னை ஏன் கழட்டினாங்க?"

"அங்க மதர்போர்டுல, நான் உட்காருற இடத்துல ஒரு ஊசி வளைஞ்சிருந்துச்சுங்க. அதைப் பத்தி அந்த மதர்போர்டு கடைசிவரை வாயைத் திறக்கலை. மெஷின் ஓடாததுக்குப் பழி என் மேல விழுந்துச்சு."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. படம் பாதியில நின்னா இளவேனில் என்னையும் சேர்த்துல்ல தூக்கிப் போடுவா. எங்க, உன் அடிப்பக்கத்தைக் காட்டு."

பிராசஸர் கூச்சத்தோடு புரண்டு படுத்தது. ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் மதர்போர்டை இன்னும் உறுத்தியது. இவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்றால் எதையோ துடைத்திருக்கிறார்கள்.

"இப்ப நீங்க மூடியைத் திறக்கலாமுங்களா?"

"உன்னை மாதிரி ஆளை நம்பி எப்படித் திறக்கிறது?" என்ற மதர்போர்டு மூடியை இன்னும் இறுக்கிக்கொண்டது. உள்ளே வளைந்து கிடந்த இரண்டு ஊசிகள் மூடியில் மெல்ல உரசின.

அந்தச் சத்தத்தைப் பிராசஸர் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது.