ஆடியில் குடிவைக்காத ஊர்

“தேதியில ஏம்ட்டி கை வச்ச?”

“பின்ன என்ன செய்ய? உனக்காக ஆடி சீக்கிரம் முடியுமா?”

“சத்தம் போடாத.”

“நீதான் போடுத.”

அம்மா, மகள் இரண்டு பேரும்தான் போட்டார்கள். மாடிவீட்டுச் செல்வராணி ஓடுகிற மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்கு.

நகைத் தகராறு என்றுதான் செல்வராணி முதலில் நினைத்தாள். கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள்கூட இல்லாத வீட்டில் வேறு என்ன இருக்கும்.

இருந்தது ஒரு வாத்து.

அம்மா உலகம்மையின் மடியில் டேப்லெட். அதற்குள் ஒரு விளையாட்டு. விளையாட்டுக்குள் ஓர் ஊர். பத்து மனை. ஒன்பதில் குடியிருந்தார்கள்.

அந்த ஊரை அம்மாவுக்கு ஏற்படுத்திக் கொடுத்தவள் மகள்தான். அப்பா போய் இரண்டு வருஷம். ஆவணி ஏழில் அவளும் மாலை மாற்றிக்கொண்டு புனேக்குப் போய்விட்டால் பாளையங்கோட்டை வீட்டில் அம்மா தனி. விளையாட்டிலாவது ஊர் நிறைந்திருக்கட்டும், காலையும் மாலையும் நாலு முகத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் என்று திட்டம் போட்டாள். கல்யாணத்துக்குள் பத்தாவது ஆளையும் குடிவைத்துவிட வேண்டும்.

திட்டத்தில் உலகம்மையைச் சேர்க்க மறந்துவிட்டாள்.

ஊர் எல்லையில் ஒரு கூடாரம். மிருகமோ பறவையோ விருந்தாளியாக வந்து இறங்கும். ஒரு நாள்தான் இருக்கும். பிடித்திருந்தால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். இங்கேயே தங்கிவிடும். அமுக்காவிட்டால் மறுநாள் போய்விடும்.

ஆனி மாதம் முழுக்க வந்தவர்களை உலகம்மை சம்பந்தம் பேச வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பூனை கண்ணடித்தது. வேண்டாம்.

ஓநாய் கிட்டாரும் கையுமாக வந்தது. சோலி கீலி ஒன்றும் இல்லை போல. வேண்டாம்.

கோழி நைட்டியோடு வந்து நின்றது. அதைப் பற்றிப் பேசவே அவள் விரும்பவில்லை.

கடைசியில் ஒரு கரடி. குண்டு. அமைதி. சட்டைப் பட்டனெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. உலகம்மைக்கே பிடித்துவிட்டது.

அன்றைக்கு ஆடி ஒன்று.

“ஆடியில எவளாச்சும் பால் காய்ச்சுவாளா? ஆவணியில வரச் சொல்லுட்டி.”

கரடிக்கு ஆவணி தெரியாது. போய்விட்டது.

அடுத்த நாலு நாளும் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரும் போனார்கள். சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும், பத்திரிகை வைக்கப் போக வேண்டும். அதற்கு நடுவில் ஒரு குரங்கை உள்ளே விடச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள் மகள்.

ஆறாம் நாள் காலையில், அம்மா குளிக்கப் போன நேரம், டேப்லெட்டின் தேதியை ஆவணிக்குத் தள்ளிவிட்டாள். விளையாட்டுக்கு அந்தத் தேதிதான் வேதவாக்கு. ஆடி முடிந்தது. இனி அம்மா என்ன சொல்லி மறுப்பாள்.

ஊருக்குள் ஒரு மாதம் போயிருந்தது.

தெருவெல்லாம் களை. வீட்டுக்குள் கரப்பான். எதிர்வீடு இருந்த இடத்தில் வெறும் மண்.

எதிர்வீட்டில் இருந்தது ஒரு வாத்து. உலகம்மை அதை மதினி என்றுதான் கூப்பிடுவாள். சொந்த மதினிகள் மூன்று பேரோடும் அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வாத்து மதினிக்கு மட்டும் தினமும் காலையில் ஓர் ஆரஞ்சுப் பழம் போகும்.

மதினி ஒரு கடுதாசி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இங்கிலீஷில். மகள்தான் வாசித்துச் சொன்னாள்.

நீங்கள் வருவீர்கள் என்று பார்த்தேன். வரவில்லை. நான் வேறு ஊருக்குப் போகிறேன்.

சண்டை அந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டது.

“திருப்பி வையி.”

வைத்தாள். மறுபடியும் ஆடி ஆறு.

களை போகவில்லை. மதினியும் வரவில்லை.

“பொம்மைம்மா அது. வேற ஒண்ணு வரும்.”

உலகம்மை டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். சத்தம் இறங்கிவிட்டது. செல்வராணி மாடிப்படியில் இரண்டு படி இறங்கி வர வேண்டியிருந்தது.

“ஒரு மாசம் எட்டிப் பாக்கலன்னா ஊரை விட்டே போயிருவாளோ?”

மகளிடம் பதில் தயாராக இருந்தது. வாயையும் திறந்துவிட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போக முடியும் என்று புனேக்காரன் நிச்சயத்தன்றே சொல்லியிருந்தான். அதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

மூடிக்கொண்டாள்.

ஆவணி ஏழில் கல்யாணம் நடந்தது. சாம்பாரில் உப்புக் கொஞ்சம் தூக்கல். மற்றபடி குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஆவணி பத்தில் மகள் புனேக்கு ரயில் ஏறினாள்.

புரட்டாசியில் செல்வராணி மகன் வீட்டோடு ஓசூர் போய்விட்டாள். மாடி பூட்டிக் கிடக்கிறது.

ஞாயிறுதோறும் புனேயிலிருந்து போன் வரும்.

“கூடாரத்துக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?”

வந்தார்களாம். இப்போதெல்லாம் உலகம்மை நாளும் பார்ப்பதில்லை, நைட்டியும் பார்ப்பதில்லை. பொத்தானை அமுக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்கிறாளாம்.

“வந்தா இருப்பியான்னு கேக்கேன். ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டுக்கு.”



தலைதீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் மகள் அன்றைக்குக் கூப்பிட்டிருந்தாள்.