பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

"பத்துதான் இருக்கு. ஒண்ணு குறையுது!"

மெக்கானிக் மறுபடியும் எண்ணினான். சாக்கின் மேல் விரித்து வைத்திருந்த சாமான்களில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் காணோம்.

டிராக்டரின் பின்னால் மாட்டியிருந்த தீவன வெட்டு மெஷினின் கத்திகளை இப்போதுதான் தீட்டி, ஒவ்வொன்றாக முடுக்கி, மூடியையும் பூட்டியிருந்தான். எதிரே நாலு ஏக்கர் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு நிற்கிறது. சாயங்காலம் மழை என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். மழையில் நனைந்த தீவனத்தைக் குழியில் போட்டு அமுக்கினால் பாதி அழுகிப்போகும். அப்புறம் முப்பது மாடுகளும் வெயில் காலத்தில் என்னத்தைத் தின்னும்?

"வேற எங்கயாவது விழுந்திருக்கும் அண்ணே. சாவியைக் குடுங்க, ஒரே மூச்சுல வெட்டிப் போட்டுடறேன்" என்றான் டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த டிரைவர், கண்களைக் கசக்கிக்கொண்டே. ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து அவனுக்குப் 'புயல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சாவி மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது. மெஷினில் கை வைக்கிறவனிடம்தான் சாவி இருக்க வேண்டும். வேலை முடிந்து, சாமான் எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் அது டிரைவர் கைக்குப் போகும். அது மெக்கானிக் போட்ட சட்டம். அதற்காகவே புயல் அவனுக்குக் 'கணக்குப்பிள்ளை' என்று பட்டம் கட்டியிருந்தான்.

"தர மாட்டேன். ஸ்பேனர் உள்ள கிடந்தா என்ன பண்ணுவே? சுத்துற வேகத்துல கத்தி உடைஞ்சு தெறிக்கும்."

"தெறிச்சா குனிஞ்சுக்கறேன்."

"நீ குனிஞ்சுக்குவே. குனியாமப் போனா உன் பெண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

சற்று முன்பு இருவருக்கும் டீ கொடுத்துவிட்டுத் தீவனக் குழியைப் பார்க்கப் போன பண்ணைக்காரம்மா, சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கடுகடுத்தது.

"தொலைக்கறதுக்கு உனக்கு வேற நாளே கிடைக்கலையாப்பா? எத்தனை வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறே?"

மெக்கானிக் கூனிக் குறுகி நின்றான். இந்தப் பண்ணையில் பதினாறு வருஷ வேலை. இன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும் போலிருந்தது.

"அட, ஓட்டிப் பார்த்துடலாம்மா. மழை நமக்காகக் காத்திருக்குமா?" என்று புயல் இடையில் புகுந்தான்.

அம்மா வானத்தைப் பார்த்தார். மெக்கானிக்கின் சட்டைப்பையைப் பார்த்தார். சாவியைக் கொடு என்று அவர் கேட்பதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டான்.

"நீங்க என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரிம்மா. ஸ்பேனர் கிடைக்காம இந்தச் சாவி என் பையை விட்டு வராது."

"சரி, அப்ப தேடு. எல்லாத்தையும் கழற்றிப் பார்" என்றவர், புயலைப் பார்த்துச் சீறினார். "நீ இறங்கி அந்த மரத்தடிக்குப் போ. நீ மிதிக்கிற மிதியில புல்லுல கிடக்கற ஸ்பேனரும் மண்ணுக்குள்ள போயிடும்."

புயல் முணுமுணுத்துக்கொண்டே போனான். ஐந்தாவது நிமிஷம் மரத்தடியிலிருந்து குறட்டை கேட்டது. கொடுத்து வைத்தவன் என்று மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அவன் மூடியைக் கழற்றினான். கத்திகள் பொருத்திய உருளை சுழலாதபடி கட்டையை முட்டுக் கொடுத்து, டார்ச் அடித்துக் கத்தி கத்தியாகப் பார்த்தான். தீவனம் வெளியே பறக்கிற குழாயைத் தட்டிப் பார்த்தான். சக்கரத்தைச் சுற்றிப் புல்லை மூன்று முறை துழாவினான். ஒன்றும் இல்லை.

"அவனையும் எழுப்பட்டுமாம்மா? ரெண்டு பேராத் தேடினா..."

"நீ தொலைச்சதுக்கு அவன் எதுக்குத் தேடணும்? நீயே தேடு."

நறுக்கென்றிருந்தது. மெக்கானிக் மறுபடி குனிந்தான். இரண்டு மணி நேரம் ஓடிப்போனது. கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

"இந்தா, இதுவா பாரு!"

பின் சக்கரத்துக்குப் பக்கத்துப் புல்லிலிருந்து அம்மாதான் எடுத்து நீட்டினார். மெக்கானிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. சாக்கில் வைத்து எண்ணினான். பதினொன்று! மூடியைப் பூட்டி, புயலை உலுக்கி எழுப்பிச் சாவியைக் கொடுத்தான். புயல் முகத்தைக் கழுவிக்கொண்டு, சீட்டியடித்தபடி டிராக்டரில் ஏறினான்.

அதற்குப் பிறகு மெஷின் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. கடைசி வண்டித் தீவனமும் குழியில் இறங்கி, தார்ப்பாயை இழுத்து மூடிய பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. எல்லோரும் நனைந்துகொண்டே சிரித்தார்கள். புயல் வீட்டுக்குப் பறந்துவிட்டான்.

மெக்கானிக் மட்டும் தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. என் கவனக்குறைவால ரெண்டு மணி நேரம் வீணாப் போச்சு."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா. காலையில புயலோட பெண்டாட்டி போன் பண்ணினா. குழந்தைக்குக் காய்ச்சலாம், இப்பதான் விட்டிருக்காம். 'ரெண்டு நாளா அவர் பொட்டுத் தூக்கம் தூங்கலைம்மா, மெஷின்ல ஏத்தாதீங்க'ன்னு அழறா. போய்த் தூங்குன்னு சொன்னாக் கேக்கற ஆளா அவன்? ஆனா எண்ணிக்கை சரியா வராம நீ சாவி தர மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் டீ குடுக்கும்போதே அந்த ஸ்பேனரை எடுத்து என் பையில போட்டுக்கிட்டேன்."