முப்பத்தேழு பாகை

காலை ஏழு பத்துக்கு நிரஞ்சலா தண்ணீர்ப் போத்தலை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் வைத்தாள். நீரின் காந்தச் சமிக்ஞையிலிருந்து உடலின் உள்வெப்பத்தை அளக்கும் முறை அவளுடைய இரண்டு வருட உழைப்பு. போத்தலைச் சரியாக அளந்தால்தான் நாளைக்கு முதல் நோயாளியை அனுமதிப்பார்கள்.

கண்டிக் குளிரில் இரவெல்லாம் கிடந்த போத்தல் அது. திரை முப்பத்தேழு பாகை என்றது. உள்ளே போய்த் தொட்டாள், சில்லென்றிருந்தது.

"போத்தலுக்குக் காய்ச்சல் இல்ல மிஸ், சுகமாத்தான் இரிக்கி," என்று சிரித்தார் ஸ்கேன் எடுக்கும் ஹலீம்.

எட்டுப் பத்துக்கு முப்பத்தாறு காட்டியது. ஒன்பது பத்துக்கு முப்பத்தைந்து. "செத்த உடம்புதான் மிஸ் இப்பிடி மணிக்கு ஒரு பாகையா ஆறும்," என்றார் ஹலீம், இப்போது சிரிக்காமல்.

நோயாளிகளிடம் அவர் பேசும் ஒலிவாங்கியை நிரஞ்சலா தன் பக்கம் இழுத்தாள்.

"உங்களுக்குக் குளிருதோ?"