பொட்டளவுத் துளை

மணிக்கட்டில் ஒரு பொட்டளவுத் துளை, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதும் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

கட்டி அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு. கர்ப்பப்பையில் மூன்று. ஃபைப்ராய்ட் என்கிற சாதாரணக் கட்டிகள்தான், புற்றுநோய் இல்லை. ஆனால் மாதத்தில் பன்னிரண்டு நாள் ரத்தப்போக்கு. எந்த நாளில் தொடங்கும் என்றும் தெரியாது. பெண் காகிதமாக வெளுத்துப் போயிருந்தாள்.

டாக்டர் பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். மணிக்கட்டு வழியாக நூல்போல ஒரு குழாயை உள்ளே அனுப்பி, கட்டிகளுக்கு ரத்தம் போகிற பாதையை மணல் மாதிரித் துகள்களால் அடைத்துவிடலாம். சோறு தண்ணீர் இல்லாமல் கட்டிகள் சுருங்கிவிடும். இரண்டு நாள் நல்ல வலி இருக்கும், மருந்தில் அடங்கிவிடும். கர்ப்பப்பை இருந்த இடத்தில் இருக்கும். இது முதல் வழி.

இரண்டாவது வழி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது.

நிதானமாக யோசித்து இரண்டு கட்டங்களில் ஒன்றில் டிக் போட்டுக் கொடுங்கள் என்று படிவத்தைத் தந்து, வெளியே உட்காரச் சொன்னார்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்கும் இதே கட்டிதான். அவளுக்கு யாரும் படம் வரையவில்லை. இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிழித்தார்கள், எடுத்தார்கள், தைத்தார்கள். ஆறு வாரம் இருமுவதற்குக்கூடப் பயந்து கிடந்தாள். அப்போது வயது முப்பத்து நாலு. குழந்தை என்ற பேச்சு அன்றோடு அந்த வீட்டில் நின்றது.

இவளைப் பார், பொட்டளவாம்.

எப்போதும் இப்படித்தான். அக்கா பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள், இவள் காலத்தில் வீட்டுக்குச் சைக்கிள் வந்தது. அக்காவின் பல் கோணலாகவே நின்றுவிட்டது, இவள் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். பின்னால் வந்து முன்வரிசையில் உட்காருவதற்கென்றே சில பேர் பிறக்கிறார்கள்.

ஆனால் தங்கை யோசிக்கவே இல்லை. படிவத்தை மடியில் வைத்து, இரண்டாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டாள்.

“உனக்குப் பண்ணதையே எனக்கும் பண்ணட்டும்க்கா. நீதான் எவ்வளவு நிம்மதியா இருக்கே!”

அக்கா அந்த டிக்கையே பார்த்தாள்.

என்ன சொல்வாள்? பதினொரு வருடமாக ஊரைக் கூட்டிச் சொல்லி வந்தது அவள்தானே. சொந்தக்காரர்கள் ‘ஐயோ பாவம்’ என்று வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வாள். தொல்லை விட்டது என்பாள். இனி மாதா மாதம் மருந்துக்கடையில் கூச்சப்பட்டு நிற்கிற வேலை மிச்சம் என்பாள். சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். பாவம் பார்க்க வந்தவர்கள், இவளுக்கென்ன குறை என்று பெருமூச்சு விட்டுப் போவார்கள். கேட்டுக் கேட்டுத் தங்கையும் நம்பிவிட்டாள்.

அக்காவுக்குக் கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இது தெளிவா என்று கேட்பாள். அவசரப்பட்டு இரண்டாவது என்று சொல்கிறவர்களை லேசில் விடமாட்டாள். முதலாவதை இன்னொரு தடவை போட்டுக் காட்டிவிட்டுத்தான் சீட்டில் எழுதுவாள்.

இன்றைக்கு மட்டும் காட்ட மனம் வரவில்லை.

ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இந்த ஒரு விஷயத்திலாவது இரண்டு பேரும் சமமாகிவிடலாம். இவள் வயிற்றிலும் அந்தக் கோடு விழட்டுமே. நினைத்த மாத்திரத்தில் வெட்கமாக இருந்தது. கூடப் பிறந்தவள் நினைக்கிற நினைப்பா இது? ஆனாலும் வாய் திறக்கவில்லை.

நர்ஸ் படிவத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை விறைத்து உட்கார்ந்தாள். படிவத்தை அக்காவின் மடியில் போட்டுவிட்டுக் காதருகே குனிந்தாள்.

“அக்கா, வந்துடுச்சு. கையில பேட் இல்லை. கடை பக்கத்துல இருக்குமா?”

“இரு.”

அக்கா கைப்பையைத் திறந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல் தானாகப் போய் உள்ளறை ஜிப்பை இழுத்தது. கைக்குட்டைக்கு அடியில் இருந்ததை எடுத்து நீட்டினாள்.

தங்கை வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தாள். நின்றாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். உறை பிரிக்காதது, புத்தம் புதியது. பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“உனக்கு எதுக்குக்கா இது?”

பதினொரு வருடத்தில் நாலு கைப்பை மாறியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சாவி, சீப்பு, இதுவும் என்று எடுத்துப் புதுப்பையில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். உறை நைந்துபோனால் வேறொன்று வாங்கி வைப்பாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

நர்ஸ் இன்னும் கையை நீட்டியபடி நின்றாள்.

அக்கா படிவத்தைக் கொடுக்கவில்லை. நாலாக மடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“போயிட்டு வா,” என்றாள் தங்கையிடம். “முதலாவதை இன்னொரு தடவை பார்த்துடலாம்.”